பழவேற்காட்டிலிருந்து கிள்ளானுக்குப் பதினான்கு பெட்டிகள்

எனக்கு ஊர் சுற்றப் பிடிக்காது. கிள்ளான் துறைமுகத்தில் முப்பது வருடம் போர்க்லிப்ட் ஓட்டியவன் நான். உலகத்துச் சாமான்கள் எல்லாம் என் கண்முன்னே இறங்கிப் போயிருக்கின்றன. அவை வந்த ஊர்களைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. பழவேற்காட்டுக்கு நான் போனது என் மகனால்.

மகன் பம்பு மெக்கானிக். மீஞ்சூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்கு இரண்டு வருட வேலையாகப் போனவன், பழவேற்காட்டு ஏரிக்கு அந்தப் பக்கம் கடலோரக் குப்பத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். பெயர் தேசராணி. கல்யாணத்துக்கு என் மனைவி மட்டும் போய் வந்தாள். நான் முதுகுவலி என்று சொல்லிவிட்டேன். வேலை முடிந்து மகன் திரும்பி வந்த பிறகு மருமகளுக்கு விசா கிடைக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. கிடைத்தபோது அவனுக்கு லீவு இல்லை.

"நீங்க போயி அவளையும் சாமானையும் கூட்டிக்கிட்டு வாங்கப்பா. பேக்கிங் உங்களுக்குத்தான் தெரியும்."

"என்னடா சாமான்? கிள்ளான்ல கடையே இல்லையா?"

"போய்ப் பாருங்க" என்றான். அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் கிளம்பியிருக்க மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும்.

முதல் நாளே எரிச்சல்தான். திருப்பாலைவனம் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி என்ஜினைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பீடி பற்றவைத்தார். ஒருவரும் கத்தவில்லை. நான்தான் கத்தினேன். பக்கத்து சீட்டுக்காரர் என் பெட்டியில் இருந்த விமான நிலையத்து ஒட்டுத்தாளைப் பார்த்துவிட்டு, "இன்னா சிங்கப்பூர்காரரே, அங்கல்லாம் பஸ்ஸே நிக்காதா?" என்றார்.

"நான் மலேசியா."

"ரெண்டும் ஒண்ணுதானே" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப் போனார். அந்த நிமிடத்திலிருந்து கிளம்பும் நாள் வரை அந்த ஊரில் நான் சிங்கப்பூர்காரன்தான். திருத்திப் பார்த்து அலுத்துவிட்டேன்.

ஏரிக்கரையில் சம்பந்தி முனுசாமி தன் படகோடு நின்றிருந்தார். கறுத்து ஒல்லியாக, பேச்சே இல்லாத ஆள். என் பெட்டியை ஒரு கையால் தூக்கிப் போட்டில் வைத்தார். ஏரி என்றால் ஏதோ குளம் மாதிரி நினைத்திருந்தேன். எதிர்க்கரை தெரியவில்லை. ஆனால் அவ்வளவு தண்ணீரிலும் ஆழம் இல்லை. கரையிலிருந்து வெகுதூரத்தில் ஒரு ஆள் முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தார், ரோட்டில் நடப்பது போல. எங்கள் ஊர்ப் பக்கம் நண்டுத் தீவு என்று ஒன்று இருக்கிறது. சேற்றில் கால் நட்டுக் கட்டிய வீடுகள், வேகமான பெரிய படகுகள், ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அதைப் பார்த்துப் பழகிய எனக்கு இந்த அமைதி முதலில் சோம்பேறித்தனமாகத் தெரிந்தது. அது தப்பு என்று தெரிய மூன்று நாள் ஆனது.

வீட்டில் மடவை மீன் குழம்பு. எங்கள் ஊரில் மடவையை ஆவியில் வேகவைத்து இஞ்சி தூவித் தருவார்கள், சேற்று வாடை போகவே போகாது. இங்கே புளியும் மிளகாயும் போட்டுக் கொதிக்கவைத்திருந்தார்கள். மூன்று முறை சோறு வாங்கினேன். அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சாப்பிட்டு முடித்த கையோடு சண்டை போட்டேன்.

சாமான் என்று மருமகள் காட்டியது ஒரு அறை. கிரைண்டர், டிவி, பாத்திரம், துணி எல்லாம் ஒரு மூலையில் கொஞ்சம்தான். மீதி அறை முழுக்க ஒரு நீள மேஜை. அதன்மேல் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் மெஷின், மின்சாரம் ஓடுவதைக் கோடாகக் காட்டும் பச்சைத் திரை உள்ள ஆசிலாஸ்கோப், பவர் சப்ளை, பூதக்கண்ணாடி விளக்கு, நூறு சின்ன டிராயர்கள், ஒவ்வொன்றிலும் திருகாணியும் ஒயரும் உடைந்த போர்டுகளும். தேசராணி எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தவள். அந்தப் பக்கத்துக் குப்பங்களில் கடலுக்குப் போகிறவர்களின் ஜிபிஎஸ், ஆழம் பார்க்கும் எக்கோ, படகுக்குப் படகு பேசும் வாக்கி, எது கெட்டாலும் இந்த மேஜைக்குத்தான் வரும். இதையெல்லாம் மகன் எனக்குச் சொல்லவில்லை.

"இந்தக் குப்பையெல்லாம் எதுக்கும்மா? அங்க புதுசு வாங்கலாம்."

"குப்பை இல்ல மாமா. அந்த போர்டுலேர்ந்துதான் பார்ட்ஸு கயட்டுவேன். பழைய செட்டுக்குப் புது பார்ட்ஸு எங்கியும் கிடைக்காது."

"உனக்கு அங்க வேலைக்குப் போகணும்னு என்ன தலையெழுத்து? சும்மா வீட்ல இரு."

அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "உங்க வீட்ல டிவி பாத்துக்கினு குந்திக்கினு இருக்கறதுக்கு நான் எதுக்கு அம்மாந்தூரம் வரணும்? இங்கியே இருக்கேன். இது வந்தா நான் வரேன். இல்லன்னா நீங்க மட்டும் கிளம்புங்க மாமா."

முனுசாமி வலை பின்னிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. "அவ சொன்னா சொன்னதுதான் சம்பந்தி" என்றார். மூன்று நாளில் அவர் என்னிடம் பேசிய நீளமான வாக்கியம் அது.

மகனுக்குப் போன் போட்டேன். "நான்தான் சொன்னேனே, போய்ப் பாருங்கன்னு" என்றான். வைத்துவிட்டேன்.

இரண்டாம் நாள் முழுக்கப் பெட்டி கட்டினோம். கப்பலில் சாமான் அனுப்பும் ஏஜெண்டின் கோடவுன் மீஞ்சூரில். மறுநாள் சாயந்திரம் நாலு மணிக்குள் சாமான் அங்கே போய்ச் சேர வேண்டும். பல வீட்டுச் சாமான்கள் சேர்ந்து போகிற கண்டெய்னர் அது, நாலு மணிக்குக் கதவு சாத்திவிடுவார்கள். அடுத்தது எப்போது என்று அவர்களுக்கே தெரியாது.

பேக்கிங்கில் எனக்கு யாரும் பாடம் நடத்த முடியாது என்று நினைத்திருந்தேன். பபிள் ரேப், அட்டை, டேப் என்று ஆரம்பித்தேன். தேசராணி மீனுக்கு ஐஸ் போடுகிற தெர்மகோல் பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தாள். "மீன் நாத்தம் அடிச்சா கஸ்டம்ஸ்ல மொத்தத்தையும் பிரிப்பான்" என்று கத்தினேன். மூக்கை வைத்துப் பார்க்கச் சொன்னாள். புளித்தண்ணீரில் கழுவி மூன்று நாள் வெயிலில் காய வைத்திருக்கிறாள். ஒரு வாசனையும் இல்லை. ஆசிலாஸ்கோப் அளவெடுத்த மாதிரி உள்ளே உட்கார்ந்தது. பபிள் ரேப்பை ஓரம் வைத்தேன்.

அப்புறம் முனுசாமி வந்தார். ஒவ்வொரு பெட்டியையும் தார்ப்பாயில் சுற்றி, பழைய வலையால் மூடிக் கட்டி, வலை ஓரத்தில் நாலு மூலையிலும் மிதவை கோத்தார். கிரைண்டர் கல்லுக்கு மட்டும் கட்டவில்லை, அது எப்படியும் மிதக்காது என்று கையைக் காட்டினார். "ஏன்யா, லாரியிலயும் கப்பல்லயும் போற பெட்டிக்கு மிதவை எதுக்கு?" என்று கேட்டேன். ஏரியைக் கைகாட்டிவிட்டு அடுத்த முடிச்சைப் போட்டார்.

பட்டியல் எழுதுவது என் வேலை. பெட்டிக்கு நம்பர், உள்ளே என்ன, புதிதா பழையதா. கோபம் அடங்காமல்தான் எழுதினேன். ஆறாம் பெட்டி முதல் பதினோராம் பெட்டி வரை, அவள் மேஜைச் சாமான்கள் ஆறு பெட்டிக்கும் சேர்த்து, ஒரே வரி போட்டேன்: பழைய எலக்ட்ரானிக் ஸ்கிராப். ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில். அவள் கேட்டபோது, "எல்லாம் எழுதியாச்சு" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். இதை நான் மறைக்கப் போவதில்லை. அந்த வரியை எழுதியது நான்தான்.

மூன்றாம் நாள் காலை. இட்லியும் வடகறியும் சாப்பிட்டுவிட்டுப் பதினான்கு பெட்டிகளை ஏற்றினோம். தண்ணீர் வற்றியிருந்தது. பாரம் ஏற்றிய போட்டு போகிற அளவுக்கு ஆழமான வழி ஒன்றுதான், அந்த வழியின் குறுக்கே கழி நட்டு வலை கட்டியிருந்தார்கள். ஒரு ஆள் இடுப்புத் தண்ணீரில் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பெயர் எல்லப்பன்.

"சைக்கிளை ஓரம் கட்டற மாதிரி வலையைக் கொஞ்சம் தூக்கச் சொல்லும்மா" என்றேன்.

தேசராணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அது பாடு மாமா. தூக்க முடியாது."

அந்த ஏரியில் எங்கே வேண்டுமானாலும் எவரும் வலை போட முடியாது. நல்ல இடங்களுக்கு முறை உண்டு. இன்றைக்கு இந்தக் கூட்டம், நாளைக்கு அடுத்தது, சுற்றி வரும். அதற்குப் பேர்தான் பாடு. எழுதிய சட்டம் இல்லை, போலீஸ் இல்லை. ஆனால் தன் முறை இல்லாத நாளில் எவனும் அந்த இடத்தைத் தொட மாட்டான், முறை உள்ளவன் கட்டிய வலையை எவனும் தாண்ட மாட்டான். நான் பார்த்த துறைமுகத்தில் வரிசைக்கு எண் கொடுத்து, கேமரா வைத்து, காவலாளி போட்டும் லாரிக்காரர்கள் முட்டிக்கொண்டு நிற்பார்கள்.

இதெல்லாம் அப்புறம் புரிந்தது. அப்போது நான் எழுந்து நின்று கத்தினேன். "நாலு மணிக்குக் கதவு சாத்திடுவான்யா! ஒரு நிமிஷம் தூக்கினா உன் இறாலெல்லாம் ஓடிப் போயிடுமா?"

"ஓடிரும்" என்றார் எல்லப்பன் நிதானமாக. "தோ, இப்பதான் தண்ணி இழுக்குது. குந்துங்க சிங்கப்பூர்காரரே, போட்டு ஆடுது."

"எல்லண்ணா, என் மேஜை சாமான்ணா. இன்னிக்கு வுட்டா போவாது" என்றாள் தேசராணி.

"தெரியும் ராணி. என் ஒருத்தன் வலைன்னா அறுத்தே வுட்டுருவேன். நாலு பேர் பாடு இது. மூணு பேர் கரையில கீறானுங்க. அவனுங்களைக் கேக்காம நான் எப்டி தூக்கறது?"

அவள் மறுத்துப் பேசவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். அவள் உயிராக நினைக்கிற சாமான் அது. கெஞ்சவில்லை, அழவில்லை. அவர் சொன்னது சரி என்பது போலத் தலையாட்டிவிட்டு, கையை வாயில் குவித்துத் தூரமாகக் கூவினாள்.

வலையின் ஓரத்தில், ஆழம் இல்லாத பக்கம், ஏழெட்டுப் பெண்கள் தண்ணீரில் உட்கார்ந்து கையால் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு ஓலைப் பறி கழுத்தில் தொங்கியது. பிடித்ததை அதில் போடுவார்கள். கூவல் கேட்டு எழுந்து வந்தார்கள். முன்னால் வந்தவள் காத்தாயி, என் வயது இருக்கும்.

"இன்னாடி ராணி, சீர் குடுத்து அனுப்பறாங்களா உன்னை? இத்தினி பொட்டி?"

"மேஜை சாமான்க்கா. அந்தாண்ட இஸ்துகினு போவணும்."

"உன் மாமனாரும் அந்தாண்ட போவணுமா? அவரு வெயிட்டா கீறாரே!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் இறங்கினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நின்றேன்.

யாரும் யோசனை சொல்லவில்லை, கட்டளை போடவில்லை. வலை முடிகிற ஓரத்தைச் சுற்றிப் பெண்கள் ஒரு வரிசையாக நின்றார்கள். அங்கே போட்டு போகாது, ஆள் போகலாம். பெட்டி கைமாறிக் கைமாறிப் போனது. தண்ணீருக்கு அடியில் எங்கே குழி, எங்கே மேடு என்று அவர்கள் காலுக்குத் தெரியும். என் காலுக்குத் தெரியாது. ஒன்பதாம் பெட்டியை வாங்கித் திரும்பியபோது குழியில் கால் வைத்தேன். பெட்டி என் கையிலிருந்து போனது. அதற்குள்தான் ஆசிலாஸ்கோப்.

தேசராணி வாயைப் பொத்திக்கொண்டாள். பெட்டி தண்ணீரில் விழுந்தது, ஒரு முறை அமிழ்ந்தது, வாத்து மாதிரி மேலே வந்து நின்றது. நாலு மூலையிலும் மிதவை. முனுசாமி போட்டில் இருந்தபடி என்னைப் பார்த்தார், பிறகு மிதவையைப் பார்த்தார்.

காத்தாயி அதைத் தட்டி இழுத்துக்கொண்டே, "மாமனாருக்கும் நாலு மூலையில கட்டியிருக்கணும்" என்றாள்.

வலைக்கு அந்தப் பக்கம் ஏற்றுவதற்குப் போட்டு வேண்டுமே. அங்கே நின்றிருந்தது எல்லப்பனின் போட்டு ஒன்றுதான். "எடுத்துக்கினு போங்க. வலை எங்களுது, போட்டு என்னுது. அதுக்கு யாரையும் கேக்கத் தேவல" என்றார். போட்டு போய்விட்டால் நாங்கள் திரும்பி வரும்வரை அவர் தண்ணீரிலேயே நிற்க வேண்டும், இல்லையென்றால் கரைக்கு நடக்க வேண்டும். அதைப் பற்றி அவர் பேசவில்லை. போட்டு பலகைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துத் தேசராணியிடம் நீட்டினார்.

"என் ஜிபிஎஸ்ஸு. நேத்து ராவே செத்துப் போச்சு. உன்கிட்ட குடுக்கலாம்னு வெச்சிருந்தேன். இப்ப எங்க குடுக்கறது?"

அவள் பெட்டிகளைப் பார்த்தாள். எல்லாம் கட்டியாகிவிட்டது. "குடுண்ணா, பாக்கலாம்" என்று மடியில் வைத்துக்கொண்டாள். முனுசாமி தன் போட்டோடு வீட்டுக்குத் திரும்பினார், எல்லப்பனின் போட்டைத் தேசராணியே ஓட்டினாள்.

கரையில் பிடித்த மினி லாரி திருப்பாலைவனத்தில் டயர் பஞ்சர் ஆனது. இந்த முறை நான் கத்தவில்லை. ஜாக்கியைப் பிடித்துக்கொண்டேன். டீக்கடையில் சின்ன கிளாசில் டீ கொடுத்தார்கள், இரண்டு வாய்க்கு மேல் இல்லை. எங்கள் ஊரில் இழுத்து ஆற்றி ஒரு குவளை நிறையக் கொடுப்பார்கள். ஆனால் இந்த இரண்டு வாய் அந்தக் குவளையைவிட நன்றாக இருந்தது.

கோடவுனை அடைந்தபோது மூன்று மணி தாண்டியிருந்தது. சூப்பர்வைசர் நடுவயதுக்காரர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்திருந்தார். பட்டியலை வாங்கிப் படித்தார். ஆறாம் வரியில் விரல் நின்றது.

"ஸ்கிராப்பா? ஆறு பெட்டி ஸ்கிராப்பா?"

நான் எழுதியது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"பழைய எலக்ட்ரானிக் கழிவு அனுப்ப முடியாது சார். உங்க நாட்டுல இறக்கவே விட மாட்டாங்க. கண்டெய்னரோட நிறுத்திடுவாங்க, கூடப் போற மத்தவங்க சாமானும் மாட்டிக்கும். மீதி எட்டுப் பெட்டி ஏத்தறேன். இது ஆறையும் எடுத்துட்டுப் போயிடுங்க."

அது எனக்குத் தெரியாத விஷயமா? கிள்ளானில் அப்படி நிறுத்திவைத்த கண்டெய்னர்களை நானே தூக்கி ஓரம் வைத்திருக்கிறேன். வருடக்கணக்கில் கிடக்கும்.

தேசராணி பட்டியலை வாங்கிப் பார்த்தாள். என் கையெழுத்து. என்னைப் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

"அந்த வரி தப்பு" என்றேன் சூப்பர்வைசரிடம். "கோபத்துல எழுதினேன். அதெல்லாம் என் மருமகளோட தொழில் சாமான். ரிப்பேர் பண்றவ. எல்லாம் வேலை செய்யும்."

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்லுவாங்க. பாத்தாத்தானே தெரியும்?"

"பாருங்க" என்றாள் அவள். "பிளக் பாயிண்ட் எங்க இருக்குது?"

சால்டரிங் மெஷினும் டிராயர்களும் இருந்த ஏழாம் பெட்டியையும் ஒன்பதாம் பெட்டியையும் அங்கேயே அவிழ்த்தோம். முனுசாமியின் முடிச்சுகள் எனக்கு அவிழவில்லை, அவளுக்கு ஒரு இழுப்பில் அவிழ்ந்தன. தண்ணீரில் விழுந்த ஆசிலாஸ்கோப் பெட்டிக்குள் ஒரு சொட்டு ஈரம் இல்லை. கோடவுன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எல்லப்பனின் ஜிபிஎஸ்ஸைத் திறந்தாள். உள்ளே உப்புப் பூத்திருந்தது. பிரஷ்ஷால் துடைத்தாள். ஊசி மாதிரி முனையை இங்கே வைத்தாள், அங்கே வைத்தாள். திரையில் பச்சைக் கோடு ஆடியது. ஒரு இடத்தில் கோடு செத்துக் கிடந்தது. "தோ, இதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சூப்பர்வைசர் நான் குப்பை என்று சொன்ன டிராயரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அதிலிருந்து ஒரு பழைய போர்டை எடுத்து, அரிசி அளவு ஒரு பார்ட்டைக் கழற்றி, ஜிபிஎஸ்ஸில் வைத்துப் பற்றவைத்தாள்.

பொத்தானை அழுத்தினாள். ஒன்றுமில்லை. இன்னொரு முறை, அழுத்திப் பிடித்தாள். திரை வெளிச்சம் போட்டது. எல்லப்பன் கடலில் குறித்துவைத்த இடங்கள் புள்ளி புள்ளியாக வந்து நின்றன.

சூப்பர்வைசர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். பட்டியலையும் பேனாவையும் என்னிடம் கொடுத்தார். "சரியா எழுதுங்க. ஒவ்வொண்ணா எழுதுங்க."

எழுதினேன். நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தபோது பதினான்காம் பெட்டியும் உள்ளே போனது. ஏற்றுகிற பையன் மிதவைகளைக் கழற்றட்டுமா என்று கேட்டான். கை வைக்காதே என்றேன்.

திரும்பி எல்லப்பனின் போட்டிலேயே வந்தோம். வெயில் சாய்ந்திருந்தது. தண்ணீர் ஏறியிருந்தது. அவர் அதே இடத்தில், இப்போது மார்பளவு தண்ணீரில், வலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கூட மூன்று பேர். தேசராணி ஜிபிஎஸ்ஸை நீட்டினாள். ஈரக் கையைத் தலைத்துண்டில் துடைத்துவிட்டு வாங்கி, ஒவ்வொரு புள்ளியாகத் தட்டிப் பார்த்தார்.

"எல்லாம் அப்டியே கீது." பிறகு கேட்டார், "மறுபடி செத்தா இன்னா பண்றது ராணி?"

அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளில் முதல் முறையாக அவள் கண் கலங்கியதைப் பார்த்தேன்.

"செத்தா என்கிட்ட குடு" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது. "நான் எடுத்துக்கிட்டுப் போறேன். இவ ரிப்பேர் பண்ணுவா, நானே கொண்டாந்து தர்றேன். வருஷத்துக்கு ஒருக்கா வந்தா போதுமா?"

"சிங்கப்பூர்காரரு வருவாராம்பா" என்றார் எல்லப்பன் மற்ற மூவரிடமும்.

"மலேசியா" என்றேன்.

மறுநாள் காலை கதவைத் திறந்தால் வாசலில் ஒன்பது செட்டுகள். இரண்டு எக்கோ, மூன்று வாக்கி, மீதி ஜிபிஎஸ். ஒவ்வொன்றிலும் நூலால் பெயர்ச்சீட்டு கட்டியிருந்தது. அவள் சாமான்களோ கப்பலுக்குப் போய்விட்டன, இங்கே வைத்து ரிப்பேர் பார்க்க வழியில்லை. கொடுத்தவர்கள் எல்லாரும் விடியற்காலையிலேயே கடலுக்குப் போய்விட்டார்கள். திருப்பிக் கொடுக்கக்கூட ஆள் இல்லை.

உட்கார்ந்து புதுப் பட்டியல் எழுதினேன். யாருடையது, என்ன கோளாறு, சரிசெய்து திரும்பி வர வேண்டியது. என் பெட்டியில் இடம் போதவில்லை. நாலு சட்டையையும் ஒரு கால்சட்டையையும் எடுத்து வெளியே வைத்தேன். முனுசாமி அவற்றை வாங்கி மடித்து, வலைக்குப் பக்கத்தில் பரணில் வைத்தார்.

"அடுத்த தபா வரப்போ போட்டுக்கலாம்" என்றார்.